யாருக்காக இந்த வாசம்?



என் கணவர் 2021 டிசம்பர் 10, ஜும்ஆ நாளன்று அல்லாஹ்வின் நாட்டப்படி எங்களைப் பிரிந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நான் இத்தாவில் அமர்ந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும் நிறைவடைந்தபோது ரமளான் பிறை 15. 2022 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை.

அன்று குளித்துவிட்டுத் தாழ்வாரத்தில் வந்து அமர்ந்தேன். ஓரிக்கையில் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் தறி ஓடுகிறது. அசருக்குப் பிறகு அந்தச் சத்தத்தை வெட்டிக்கொண்டு பூக்காரரின் குரல் வரும். சித்திரை மாதம் மல்லிகை மலிந்து கிடக்கும் காலம். மார்கழிக் குளிரில் எட்டாத விலைக்கு ஏறும் பூ, வெயில் ஏறியதும் கூவிக் கூவி விற்கும் நிலைக்கு வந்துவிடும். என் மகனின் ஆறு வயது மகள் ஒரு முழம் வாங்கி வந்து, அதைச் சரிபாதியாகக் கிள்ளி, ஒரு பாதியை என் தலையில் வைப்பதற்காகப் பின்னால் வந்து நின்றாள். அவள் பிறந்தது முதல் அவளும் நானும் பூவைப் பங்கிட்டுத்தான் வைத்திருக்கிறோம்.

என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி, அந்தப் பூவைக் குழந்தையின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். கோபமாக அல்ல, பரிவோடுதான். "தாதிமாவுக்கு இனிமே பூ ஆகாதும்மா" என்றார்.

குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மதினி சொன்னதில் அன்று எனக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை என்பதே காரணம். என் தாயாருக்கும் அப்படித்தான் நடந்தது. அவருடைய தாயாருக்கும் அப்படித்தான். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, பூ இல்லாத தலை. இதெல்லாம் மார்க்கம் என்றே எண்ணி வளர்ந்தவள் நான்.

*

பூவைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது நிலக்கோட்டையில். என் அத்தா அங்கே பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். விடியுமுன் பறித்த மொட்டுகள் சாக்குகளில் வந்து இறங்கும். மாலையில் அத்தா வீட்டுக்கு வரும்போது அவருக்கு முன்னால் அவருடைய சட்டை மணம் வந்துவிடும். எங்கள் பக்கத்து மல்லிக்கு 'மதுரை மல்லி' என்ற பெயரில் 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அத்தா இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

விலை வீழ்ந்த நாட்களில் மீந்த பூ 'சென்ட் பாக்டரி'க்குப் போகும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அதை ஏதோ குப்பைக்குப் போவதுபோல நினைத்தோம். எடை போட்டு, வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே கரைப்பான் கொண்டு பூவின் மணத்தைப் பிரித்தெடுத்து, மெழுகு போன்ற ஒரு பொருளாக்குகிறார்கள். அதைச் சுத்திகரித்த சாறு பிரான்ஸ் வரை போய் விலையுயர்ந்த வாசனைத் திரவியங்களில் சேர்கிறது என்பதெல்லாம் எனக்கு மிகப் பிந்தித்தான் தெரியவந்தது. ஜாதிமல்லியில் ஒரு கிலோ தூய சாறு கிடைக்க ஏறத்தாழ 700 கிலோ பூ வேண்டும். ஒரு கிலோ பூவில் எத்தனை ஆயிரம் பூக்கள் இருக்கும் என்பதைப் பூக்கட்டியவர்கள் அறிவார்கள்.

1986இல் எனக்குத் திருமணமாகிக் காஞ்சிபுரம் வந்தேன். என் கணவர் ஒரு பட்டுச்சேலை வியாபாரியிடம் வேலை பார்த்தார். தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்து முடித்த சேலைகளை வாங்கி வருவது அவருடைய பணி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிளில் ஓரிக்கைக்கும் காஞ்சிக்கும் இடையே மூட்டைகளைச் சுமந்தார். திரும்பி வரும்போது பூக்கடைச் சத்திரத்தில் இறங்கி இரண்டு முழம் மல்லிகை வாங்கி, வாழையிலையில் சுற்றிக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு வருவார். பேச்சு அதிகம் இல்லாதவர். அந்த வாழையிலைப் பொட்டலம்தான் அவர் பேச்சு.

சென்னைக்குச் சேலை கொண்டுபோகும் நாட்களில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பள்ளிவாசலை ஒட்டிய அத்தர் கடைகளில் ஒன்றிலிருந்து ஒரு சிறு குப்பி 'மோத்தியா' வாங்கி வருவார். மோத்தியா என்றால் நம் குண்டுமல்லியேதான். கன்னோஜில் செம்புப் பானைக்குள் பூவையும் நீரையும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, கீழே தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே இன்னொரு பாத்திரத்துக்குப் போய், அங்கே காத்திருக்கும் சந்தன எண்ணெயில் இறங்கும். அப்படி மீண்டும் மீண்டும் செய்த பின் சந்தனம் மல்லிகையை விடாமல் பிடித்துக்கொள்ளும். இப்போது சந்தனத்தின் விலையால் வேறு எண்ணெய் கலந்து வருவதே அதிகம், முகர்ந்தால் தெரியும்.

அத்தரைப் பட்டில் பூசக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். எண்ணெய் பட்டால் பட்டில் கறை விழும். ஜரிகையும் கெடும் என்பார். மணிக்கட்டின் உள்பக்கம், காதுக்குப் பின்னால், முடியின் அடியில். நன்றாக உலர்ந்த பிறகே சேலை. பண்டிகை நாட்களில் அவர் காத்திருப்பார்; நான் உலரும் வரை சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். இப்போது எண்ணினால் சிரிப்பு வருகிறது.

*

இத்தாவின் நாட்களைப் பற்றி என்னிடம் எந்தக் குறையும் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். அந்த நான்கு மாதங்கள் எனக்குப் பாரமாக இருந்ததில்லை. அலங்காரம் வேண்டாம், சுர்மா வேண்டாம், மணம் வேண்டாம், அவசியமின்றி வெளியே போக வேண்டாம் என்று அல்லாஹ்வும் அவன் தூதரும் விதித்தது, துக்கத்தைச் சுமக்க ஓர் அறையைக் கொடுத்தது போல இருந்தது. யாரும் என்னை எங்கும் அழைக்கவில்லை. எதற்கும் முகத்தைத் திருத்திக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. அலமாரியில் மோத்தியாக் குப்பி இருந்தது. அதைத் திறக்கவும் தோன்றவில்லை.

அறைக்குக் கதவும் உண்டு. அது குறித்த நாளில் திறக்கும் என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.

அந்த ஆண்டு பெருநாள் மே 3 அன்று வந்தது. வீட்டில் எல்லாருக்கும் மல்லிகை. வாசலிலிருந்து அடுப்படி வரை அதே மணம். நான் வெள்ளைச் சேலையோடு ஓர் ஓரத்தில் அமர்ந்து வட்டலப்பம் பங்கிட்டேன். பேத்தி இரண்டு முறை என் தலையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூலையில் ஷார்ஜாவிலிருந்து என் மகள் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்தாள். அவள் வேதியியல் படித்தவள். வாசனைப் பொருட்களில் கொஞ்சம் பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். ஒரு சிறு பெட்டியை என் கையில் கொடுத்தாள். நிலச்சம்பங்கியும் மல்லிகையும் கலந்த ஒரு வாசனைத் திரவியம். அந்த வகைக்கு வெள்ளைப்பூ மணங்கள் என்று பெயராம். 1948இல் பாரிஸில் ராபர்ட் பிகே நிறுவனத்துக்காக ஜெர்மேன் செல்லியே என்ற பெண் 'ஃப்ராகா' என்றொரு திரவியத்தை உருவாக்கினார். அன்றிலிருந்து உலகில் வந்த சம்பங்கி வாசனைகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தாம் என்று மகள் விளக்கினாள். எனக்கு வேறொரு செய்திதான் வியப்பாக இருந்தது: நம் மாலைகளில் எல்லாம் நிறைந்திருக்கும் இந்த நிலச்சம்பங்கி, மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து வந்த செடியாம். குண்டுமல்லியின் அறிவியல் பெயரில் இருக்கும் 'சம்பக்' என்ற சொல்லோ, 'ஸன்பக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து போனது. யாஸ்மின் என்ற பெயர் இல்லாத குடும்பம் நம்மில் உண்டா?

"எனக்கு எதுக்கும்மா இது?" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "இஷாவுக்கு அப்புறம், வீட்டுக்குள்ளதானே. கையைக் கொடுங்கம்மா" என்றாள்.

மணிக்கட்டில் ஒரு முறை தெளித்தாள். நான் முகர்ந்தேன். முதலில் வந்தது பூ மணமே அல்ல. வலித்தைலத்தின் மணம்.

என் கணவருக்குக் கடைசி எட்டு ஆண்டுகளாக வலது தோளில் வலி. மூட்டை சுமந்த தோள். ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பிறகு அவர் முதுகைக் காட்டி அமர்வார். நான் தைலம் தேய்ப்பேன். தைலம் தேய்த்த கையை எத்தனை முறை கழுவினாலும் அந்தக் குளிர்ந்த நெடி போகாது. அதே கையால் தலையிலிருந்த பூவை எடுத்துவைத்துவிட்டுப் படுப்பேன். மல்லிகையும் வலித்தைலமும் ஒரே தலையணையில் கலந்திருக்கும். எட்டு ஆண்டுகள் எங்கள் அறையின் மணம் அதுதான்.

நான் அழுவதைப் பார்த்து மகள் பயந்துவிட்டாள். காரணத்தைச் சொன்னதும், சற்று நேரம் கழித்து, அவளுக்கே உரிய முறையில் ஆறுதல் சொன்னாள்: அது என் மனப்பிரமை அல்லவாம். மீத்தைல் சாலிசிலேட் என்ற பொருள் வலித்தைலத்தில் இருக்கிறது. அதுவே நிலச்சம்பங்கிப் பூவிலும் இயற்கையாகவே இருக்கிறது. தைலம் செய்பவர்களும் சம்பங்கிச் செடியும் ஒன்றையே பயன்படுத்துகிறார்கள். சுப்ஹானல்லாஹ், ஒரு பூவுக்குள் அவன் எதையெல்லாம் வைத்திருக்கிறான்!

*

அந்த இரவு நெடுநேரம் நான் உறங்கவில்லை. கையை முகர்ந்தபடி இருந்தேன். கால் மணி நேரத்தில் தைல நெடி விலகியது. பச்சைத் தண்டைக் கிள்ளியது போன்ற ஒரு மணம் வந்தது. பிறகுதான் பூ திறந்தது. அதுவும் மெல்லிய பூ அல்ல. பாலைச் சுண்டக் காய்ச்சியது போலக் கெட்டியாக, இனிப்பாக, அறையை நிரப்பிக்கொண்டு வந்தது. ரோஜாவின் மணத்துக்கு ஓர் ஒதுக்கம் உண்டு. சந்தனம் தானாக அடங்கி நிற்கும். இந்த வெள்ளைப் பூக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வந்தால் முழுதாக வரும். இரவில் மலர்ந்து, இருட்டில் பறக்கும் விட்டில்களை அழைக்க வேண்டிய பூக்கள். நிறத்தைக் காட்டி அழைக்க முடியாததால் வெண்மையும் மணமுமே அவற்றுக்கு இருக்கும் வழி.

நள்ளிரவுக்கு மேல் இனிப்பின் அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. பாச்சை உருண்டையை நினைவூட்டும், ஏறக்குறைய அழுகலை நெருங்கும் ஒரு நெடி. மறுநாள் மகளிடம் கேட்டேன். அது இந்தோல் என்றாள். மல்லிகையில் இயல்பாகவே இருப்பது. அளவில் மிகுந்தால் சகிக்க முடியாத நாற்றம், ஒரு துளியாக இருந்தால் அதுதான் பூவுக்கு உயிர். அதை முற்றிலும் நீக்கிச் செய்த மல்லிகை வாசனைகள் சோப்புப் போல இருக்கும் என்றாள். நிலக்கோட்டையில் மாலைக்கு மேல் விற்காமல் கிடந்த சாக்குகளின் அருகே வீசும் கனத்த மணம் நினைவுக்கு வந்தது. அத்தா அதைப் 'பழுத்த வாசம்' என்பார்.

தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோதும் கையில் அது இருந்தது. உளூச் செய்த பிறகும் போகவில்லை. ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது, விரிப்பில் ஊன்றிய கையிலிருந்து அந்த மணம் முகத்துக்கு வந்தது. நான்கு மாதமும் அதற்குப் பிந்தைய மூன்று மாதமும் நான் தொழுதேன், கடமை தவறவில்லை. ஆயினும் அந்த ரக்அத்தில் மனம் நின்றது போல அதற்கு முன் நின்றதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களுக்கு இவ்வுலகில் விருப்பமாக்கப்பட்டவற்றில் நறுமணமும் ஒன்று என்று சொல்லும் நபிமொழி, தொழுகையில் கிடைக்கும் கண்குளிர்ச்சியையும் அதே மூச்சில் சொல்வதை அறிவோம். அந்த இரண்டும் ஏன் ஒன்றாக வந்தன என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

இந்த வகைத் திரவியங்களில் ஆல்கஹால் இருக்கிறதே, தொழுகைக்கு ஆகுமா என்று சகோதரிகள் கேட்பீர்கள். அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. குடிக்கும் மது வேறு, இது வேறு என்று அனுமதிப்போரும் உளர், தவிர்ப்பது பேணுதல் என்போரும் உளர். நான் பின்னர் தொழுகைக்கு அத்தரையே வைத்துக்கொண்டேன். அது என் மன அமைதிக்காக. பிறர் மீது தீர்ப்பு அல்ல.

*

காலையில் மதினி வந்தார். அவர் எங்கள் பின்தெருவில் தம் மகன் வீட்டில் இருக்கிறார். வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த மணம் அங்கே வரை இருந்தது.

"யாருக்காகப் பூசினே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. கணவன் இல்லாதவள் மணம் பூசினால் இந்த ஊரில், ஏன், எந்த ஊரிலும் எழும் முதல் கேள்வி அதுதான். வெட்கத்தால் குறுகிப்போனேன். குப்பியை அலமாரியின் அடியில் வைத்துவிட்டேன். மகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அது அங்கேயே கிடந்தது.

வாரந்தோறும் பெண்களுக்குப் பாடம் நடத்தும் ஆலிமாவிடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன். என் மகளின் வயதுதான் அவருக்கு. அவர் என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. புகாரீ நூலின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து, இத்தா பற்றிய பகுதியைத் திறந்து, நீங்களே படியுங்கள் என்று கொடுத்தார்.

அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் தந்தை அபூசுஃப்யான் (ரலி) இறந்த பிறகு நடந்ததை ஸைனப் பின்த் அபீஸலமா (ரலி) அறிவிக்கிறார். அன்னையவர்கள் மஞ்சள் நிறம் கொண்ட நறுமணப் பொருளைக் கொண்டுவரச் சொல்லி, தம் கன்னங்களில் தடவிக்கொண்டார்கள். தமக்கு இப்போது மணத்தின் தேவை எதுவும் இல்லை என்றும் சொன்னார்கள். பின் ஏன் பூசினார்கள்? இறந்தவருக்காக மூன்று நாளுக்கு மேல் ஒரு பெண் துக்கம் காக்கலாகாது, கணவருக்காக மட்டும் நான்கு மாதமும் பத்து நாளும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதால். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களும் தம் சகோதரர் இறந்தபோது அவ்வாறே செய்தார்கள்.

அதாவது, விருப்பமில்லாதபோதும் பூசினார்கள். எல்லை முடிந்துவிட்டது என்பதற்கு மணமே சாட்சியாக இருக்க வேண்டும் என்று பூசினார்கள்.

அதே அறிவிப்பின் தொடர்ச்சியில் அறியாமைக் காலத்துப் பெண்ணின் நிலையும் வருகிறது. கணவன் இறந்தால் அவள் ஒரு சிறு குடிசைக்குள் போய், இருப்பதிலேயே மோசமான உடையை உடுத்தி, ஓராண்டு முழுவதும் நறுமணத்தைத் தொடாமல் இருப்பாளாம். இஸ்லாம் வந்து அந்த ஓராண்டை நான்கு மாதமும் பத்து நாளுமாகக் குறைத்தது. இன்னொரு நபிமொழியில், இத்தாவுக்குள்ளேயேகூட, மாதவிடாய் முடிந்து குளிக்கும் பெண் சிறிதளவு கோஷ்டம் பயன்படுத்த அனுமதி இருப்பதாக உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள்.

படித்து முடித்ததும் எனக்கு ஒரு கணக்குத்தான் தோன்றியது. அறியாமைக் காலத்தவர்கள் ஓராண்டு என்று வைத்தார்கள். நாங்கள் எத்தனை ஆண்டு வைத்திருக்கிறோம்?

என் மதினி விதவையானபோது அவருக்கு வயது 31. இப்போது 68.

*

இதைச் சொன்னதால் நான் எல்லா இடத்திலும் மணத்தோடு உலவுகிறேன் என்று எண்ண வேண்டாம். வெளியே போகும் பெண் அந்நியர் நுகரும்படி மணம் பூசுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு இஷாத் தொழ வரும் பெண்ணும் மணம் பூசாமல் வரும்படி சொல்லியிருக்கிறார்கள். ரோஜாவோ சந்தனமோ என்றால் ஒருவேளை மறைக்கலாம். இந்த வெள்ளைப்பூ மணங்களை மறைக்கவே இயலாது. ஒருமுறை முந்தைய இரவு பூசியது புர்காவின் கைப்பகுதியில் ஒட்டியிருந்ததை அறியாமல் உத்திரமேரூர் பேருந்தில் ஏறிவிட்டேன். வெயிலில் சூடேறியதும் அது மீண்டும் மலர்ந்துவிட்டது. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இறங்கும் வரை கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். அன்றிலிருந்து இரவு உடுப்பு தனி, வெளி உடுப்பு தனி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலையில் நான்கு முழம் பூவோடு பேருந்தில் ஏறும் நம் பெண்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பூவும் மணம்தானே? கேள்வி வருவது விதவையிடம் மட்டும், அதுவும் அவளுடைய வீட்டுக்குள்.

*

செப்டம்பர் மாதத்தில் ஒரு வியாழன் மாலை, மதினி வெற்றிலைப் பெட்டியோடு வந்து அமர்ந்திருந்தபோது, அலமாரியிலிருந்து குப்பியை அல்ல, அந்தப் பழைய மோத்தியாவை எடுத்து வந்தேன். அவர் தம்பி வாங்கிய கடைசிக் குப்பி. கால்வாசி இருந்தது. உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் செய்தியை எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். ஆலிமா கொடுத்த புத்தகத்தையும் காட்டினேன். மதினி ஓத மட்டுமே கற்றவர். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து நெடுநேரம் படித்தார். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"எனக்கு இதை யாரும் சொல்லலையே" என்றார்.

என்னால் அதற்கு என்ன சொல்ல முடியும்? அவருக்கு அன்று பூவை எடுத்தவர் என் மாமியார். நல்ல மனுஷி, ஐந்து வேளையும் தவறாதவர். அவருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். 37 ஆண்டுகள். அதற்குள் மதினியின் மகனுக்குத் திருமணம் நடந்தது; அந்த மண்டபத்தில் அவர் சமையற்கட்டின் பக்கமாகவே நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அன்று நான் தலை நிறையப் பூவோடு அவரைக் கடந்து போனேன், ஒரு வார்த்தையும் பேசாமல்.

அவருடைய கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொண்டார். "வேணாம்மா, வயசாச்சு" என்றார். நான் வற்புறுத்தவில்லை. நபி (ஸல்) அவர்கள் நறுமணம் கொடுக்கப்பட்டால் மறுத்ததில்லை என்ற செய்தியை மட்டும் சொன்னேன். கொஞ்சம் தந்திரம்தான், அல்லாஹ் மன்னிப்பானாக.

அவர் கையை நீட்டினார். காய்ந்த, நரம்பெடுத்த மணிக்கட்டு. கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி வைத்தேன். அவர் உடனே முகரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி இருந்தார். மஃரிப் பாங்கு சொன்னதும் எழுந்து போய்விட்டார். ஸலாம் மட்டும் சொன்னார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் எல்லை மீறிவிட்டேனோ என்று கலங்கினேன். அவர் வீட்டுக்குப் போவதற்கும் துணிவு வரவில்லை.

ஞாயிறு அதிகாலை, ஃபஜ்ருக்குப் பிறகு, கதவு தட்டும் சத்தம். மதினிதான். தலையில் முக்காடு, கையில் தஸ்பீஹ். உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்த அத்தரு," என்றார், "கழுவினாலும் ரெண்டு நாளைக்கு இருக்குமா?"

இருக்கும் என்றேன்.

"நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்குத் தேடுறேன், இல்லே" என்று சொல்லி, அடுத்த கையை நீட்டினார்.